சந்தேகத்துக்குரிய சீட்டுகள்

விடியற்காலை இரண்டே முக்காலுக்கு
எங்களை ஒரு மேசைக்குக் கூப்பிட்டார்கள்.
விளையாட்டு அரங்கில், பூப்பந்துக் கோடுகளுக்கு நடுவே.
பக்கத்து நீச்சல் குளத்தின் குளோரின் வாசம்
கோட்டுக்குள் வரை ஏறியிருந்தது.

செல்லுமா செல்லாதா என்று தெரியாத சீட்டுகளை
வேட்பாளர்கள் சூழ நின்று
ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.
ரோட்ரி பியூ, வெல்லப்போகிறவன், நகம் கடித்துக்கொண்டிருந்தான்.
தேநீர்க் கெண்டி வேஷத்தில் போட்டியிட்டவர்
தன் மூக்கு யார் கண்ணையும் குத்திவிடாதபடி
பக்கவாட்டில் நின்றார்.
என் தோளருகில் டெக்வின்,
ஆறு வாரமாகத் தூங்காத என் ஏஜென்ட்.

ஒருவர் என் பெயருக்கு நேரே பூ வரைந்திருந்தார்.
இதழ்கள் கட்டத்தைத் தாண்டவில்லை,
செல்லும் என்றார் அதிகாரி.
ஒருவர் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்:
எனக்குப் பத்துக்கு நாலு, கெண்டிக்கு ஏழு.
செல்லாது. எல்லோரும் சிரித்தோம், நானும்.
ஒருவர் தன் தெருமுனைப் பள்ளத்தைப் பற்றிப்
பொடி எழுத்தில் தொடங்கி மறுபக்கத்தையும் நிரப்பியிருந்தார்.
அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்.
பதினேழு வருடம் பள்ளிப் பேருந்தை
அதில் இறக்கி ஏற்றியவள் நான்.

அடுத்த சீட்டு.
ஐந்து பெயர்களின் மேலும் குறுக்கே ஒரே சொல்:
டிகோன்.
எங்கள் வெல்ஷில், போதும்.
இரண்டாம் எழுத்தின் தலையில்
புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சின்ன வட்டம்.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும்.
ஒன்பது வயதில் தொடங்கிய பழக்கம்.
ஆசிரியை இரண்டு முறை கடிதம் அனுப்பியும் விடவில்லை.
ஏப்ரலில் அவளுக்குப் பதினெட்டு.
அன்று மாலை நான் ஏதோ ஒரு தேவாலயக் கூடத்தில்
பால் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.
கேக் வெட்டியதை போனில் பார்த்தேன்,
சிக்னல் விட்டு விட்டு.

"செல்லாது. சம்மதம்தானே?"
சம்மதம் என்று முதலில் சொன்ன குரல் என்னுடையது.
டெக்வின் ஒரு கணம் அதிகமாக என்னைப் பார்த்தான்.
ஓட்டு ரகசியமானது. வாசலிலேயே தாள் கொடுத்துப்
படித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

அகர வரிசையில் பெப் முதலில் வரும்.
அதனால் என் தோல்வி
மற்றவர்களின் எண்ணிக்கைக்கு முன்பே படிக்கப்பட்டது:
டெலித் மார்கரெட் பெப்,
பதினோராயிரத்து நானூற்று எண்பத்தொன்று.
அதில் ஒன்று பூ.
மார்கரெட் என்ற பெயர் எனக்கு உண்டு என்று
ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.
ரோட்ரியின் கை ஈரமாக இருந்தது. அவன் பயந்திருந்தான்.
காவலர்களுக்கும் எண்ணியவர்களுக்கும் நன்றி சொன்னேன்.
வீட்டாருக்கு நன்றி என்ற வரி தாளில் இருந்தது.
அதைப் படிக்கும்போது மட்டும் தாளைப் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு மலைச்சாலையில் வீடு திரும்பினேன்.
வேலிகளில் என் முகம், மழையில் உப்பிய அட்டைகளில்.
ஒன்றில் யாரோ மீசை வைத்திருந்தார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.
போதும் என்பது வயிறு நிறைந்தவர் சொல்லும் சொல்.
அடி வாங்குகிறவர் சொல்வதும் அதேதான்.
இதில் எது என்று
கியர் மாற்றும் ஒவ்வொரு வளைவிலும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

ஹெலெத் சமையலறையில் விழித்திருந்தாள்,
என் பழைய ஸ்வெட்டரில்.
"எத்தனை, மாம்?"
"மூவாயிரத்து இருநூறு குறைவு."
"ஓ" என்றாள். ரொட்டியைக் கருகவிட்டாள்,
கருகியதைச் சுரண்டி என் தட்டில் வைத்தாள்.
கோட்டிலிருந்து கட்சி ரிப்பனைக் கழற்ற எனக்கு வரவில்லை,
விரல் மரத்திருந்தது. ஊசியை அவள்தான் எடுத்தாள்.

நான் கேட்கவில்லை.
கேட்டுவிடுவேன் என்று அவள் நின்றாளா, தெரியாது.

பிறகு அவள் மாடிக்குப் போனாள்.
ஃபிரிட்ஜ் கதவில் சாமான் பட்டியல்,
அவள் எழுதியது:
சோப்பு, நாய்க்கு மாத்திரை, பால்.
தலை மேல் எல்லாம் வட்டங்கள்,
தொட்டால் உருண்டு விழும்போல.
பேனாவை எடுத்து அடியில்
வெண்ணெய் என்று சேர்த்தேன்.
திங்கள்கிழமை ஏழு பத்துக்குப் பேருந்து.