முட்டைக் கணக்கு

மேற்குக் கார்க், 1920

வியாழன்தோறும் முட்டை வாங்க வருவார் சார்ஜெண்ட் கடோகன்.
கெர்ரிக்காரர். எங்கள் பேச்சு, எங்கள் ஜெபம்;
உடுப்பு மட்டும் லண்டன் ராஜாவுடையது.
சைக்கிள் மணியை என் தம்பிக்கு அடிக்கக் கொடுப்பார்.

கூடை வைக்கோலுக்கடியில் துண்டுச் சீட்டு வைத்தேன்:
வியாழன். நாலரை. பாலம் வழியாக.
யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான்.
மலையில் ஈரச் சாக்கு போர்த்திக் கிடந்த பையன்களுக்கு
முட்டையோடு அதுவும் போனது.

மூன்று வெடிச் சத்தம் கேட்டபோது
கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

இரவு லாரிகள் வந்தன.
வெண்ணெய்க் கூடம் எரிந்தது. உருகியதெல்லாம்
சரிவில் ஓடிவந்து எங்கள் வாசலில் உறைந்தது. நாய் நக்கியது.
ஃப்ளாரி டொனெகனைக் கதவைத் திறந்த கையோடு சுட்டார்கள்.
அவனுக்கு ஒன்றும் தெரியாது,
பால் கறப்பதைத் தவிர.

சனிக்கிழமை கடோகனின் மனைவி வந்தாள்.
வண்டியில் மூட்டைகள், மேலே தலைகீழாய் ஒரு நாற்காலி.
இறங்கினாள். கையுறையைக் கழற்றினாள்.
"போன வார முட்டைக்கு. அவர் மறந்துவிட்டார்."

ஆறு பென்ஸ், ஒரே நாணயம்.
சரியான காசுதான்.
ஆனாலும் மீதி தேடுகிறவள்போல்
ஏப்ரன் பையைத் துழாவிக்கொண்டே நின்றேன்,
வண்டி பாலத்தைக் கடக்கும்வரை.