புதன்கிழமைக் கண்ணாடி

ஒலுமடுக் காட்டுக்கரைப் பாலையில்
குருவிச்சை பூத்தால்
தேன்சிட்டுக்குத்தான் முதலில் தெரியும்.
மூடிய மொட்டின் நுனியை
அலகால் ஒரு நசி.
பூ டப்பென்று வெடித்து
நெற்றியெல்லாம் மகரந்தம் பூசிவிடும்.
தேனுக்குக் கட்டவேண்டியது அவ்வளவுதான்.

என் முற்றத்துச் செவ்வரத்தையில்
அது வேறு ஆள்.
வாசலால் போகாது.
பூவின் அடியில், காம்போடு ஒட்டிய இடத்தில்
ஊசி ஏற்றுவதுபோல் ஓட்டை போட்டு
உறிஞ்சிவிட்டுப் போய்விடும்.
மகரந்தம் இல்லை, கையெழுத்து இல்லை.
நாலு பேரைப் பிணைக்கு வைத்துக் கடன் எடுத்தவள்
பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கூடு கட்டியது பெட்டை.
உடுப்புக்கொடிக் கம்பியில், தனியாக, பதினொரு நாள்.
சிலந்தி வலை, பட்டைத் தும்பு,
மயிர்க்கொட்டிப் புழுக்கை,
போன மாதத் துண்டில் கிழிந்த ஓர் ஓரம்.
வாசலுக்கு மேலே சின்னதாய்
ஒரு தாழ்வாரமும் இறக்கினாள்.
வீட்டுத்திட்டக் காசு முடிந்தபோது
வரைபடத்தில் நான் வெட்டிவிட்டது
அந்தத் தாழ்வாரத்தைத்தான்.
இப்போது உடுப்பெல்லாம் வேலியில் காய்கிறது.

ஆண் ஒரு தும்பும் தூக்கவில்லை.
அவனுக்குப் புதன்கிழமைதான் வேலை.

புதன் பத்து மணிக்கு
மாங்குளத்திலிருந்து தர்சீபன் வருவான், லோன் கொம்பனி.
ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே
சைட் கண்ணாடிக்குள் இருக்கிறவனோடு
இவனுக்குச் சண்டை தொடங்கிவிடும்.
டிக், டிக், டிக்.
ஊதாக் கழுத்தைச் சிலுப்பி,
சறுக்கி விழுந்து, மறுபடி ஏறி.
கண்ணாடியெல்லாம் எச்சம்.

"அக்கா, ஆயிரத்து எழுநூறு குறையுது."
"ஓம்."
டிக்.
"போன கிழமையும்..."
டிக், டிக்.
மரியபுஸ்பம் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
அவளுக்கும் குறைவுதான்.

பெடியன் எழும்பிப் போனான்.
கல் எடுப்பான் என்று நினைத்தேன்.
சப்பாத்தைக் கழற்றி
ஒரு காலின் சொக்ஸை ஒரு கண்ணாடிக்கும்
மற்றதை மற்றதற்கும் மாட்டிவிட்டு
வெறுங்காலோடு வந்து இருந்து
"அடுத்த புதன் சேர்த்துக் கட்டோணும்" என்றான்.

போகும்போது கழற்ற மறந்துபோனான்.
பின்னால் என்ன வருகிறதென்று தெரியாமல்
கிரவல் புழுதிக்குள் மறைந்தான்.
நான் கூப்பிடவில்லை.

குருவி வேலிக் கட்டையில் வந்திருந்து
மோட்டார்சைக்கிள் நின்ற இடத்தை
இரண்டு பக்கமும் தலை சாய்த்துப் பார்த்தது.
எதிரியைக் காணோம்.
பிறகு செவ்வரத்தைக்குப் போய்
அடியில் ஓர் ஓட்டை போட்டது.