ஓரத்து வளையங்கள்

மீனைத் தின்றாயிற்று.
வெண்ணெயும் உருளைக்கிழங்குமாக,
கப்பல் சமையலறையில் எட்டுப் பேர்.
எனக்கு வந்தது
காகித உறையில் இரண்டு செவிக்கற்கள்.
உறைமேல் கேப்டன் ஓட்கேரின் கோழிக்கிறுக்கல்:
கார்ஃபி. ஐந்நூற்றுப் பத்து மீட்டர். மார்ச் 2003.
மூலையில் ஒரு வெண்ணெய்க் கறை.

மீனுக்குக் காது வெளியே இல்லை.
மண்டைக்குள் மொச்சை அளவு சுண்ணாம்பு,
எது மேல் எது கீழ் என்று
இருட்டில் அதற்குச் சொல்லும் கல்.
கோடைக்கு ஒரு பட்டை,
குளிருக்கு ஒரு கோடு.

கீழ்த்தளத்து நிலவியல்காரர்களிடம்
வைர ரம்பம் இரவல் வாங்கி அறுத்தேன்.
நுண்ணோக்கியில் எண்ணினேன்:
முப்பத்தெட்டு.

ஸ்தெய்ன்வோர் எண்ணினாள்.
(எங்கள் மொழியில் அவள் பெயரின் முன்பாதி கல்.)
நாற்பத்தொன்பது.

பதினோரு வருடம்!
ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிக்குப் போய்,
முகம் மாறாமல் பொய் சொல்லப் பழகிவிடும்.
இருவரில் ஒருவர் கண்ணில் கோளாறு.
நாலு நாள் பேச்சில்லை;
காப்பிக் குடுவை மட்டும் கைமாறியது.

ஐம்பதுகளின் கடைசியில்
பாலையிலும் பவளத்தீவிலும் பனித்தீவிலும்
அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள்.
வெடித்தவர் எவருக்கும் மீன் நினைவில் இல்லை.
கனத்த கார்பன் காற்றேறி, அலையில் கரைந்து,
அதன்பின் பிறந்த குஞ்சுகளின் காதுக்குள்
முதல் பருக்கையாய்ப் படிந்தது.
ஆகவே கல்லின் நடுவைச் சுரண்டிக் கேட்டால் போதும்:
நீ முன்பா, பின்பா?

கேட்கத் தெரிந்தவர் டென்மார்க்கில் இருந்தார்,
ஆர்ஹுஸில், ப்ரெபென் என்ற இயற்பியல்காரர்.
படகில் கால் வைத்தால் வாந்தி வருமாம் அவருக்கு.
கூடம் நிறைந்த எந்திரத்தில்
அணு அணுவாய் எண்ணுகிறவர்.
ஒரு சிட்டிகைத் தூளைத் தபாலில் போட்டோம்.

பதில் வருவதற்குள் வருடம் புரண்டு,
ஈசாஃப்யோர்துர் மலைமேல்
சூரியன் திரும்பிவிட்டது.
இரண்டு மாதத்துக்குப் பின்
எதிர்வீட்டுச் சுவருக்கு நிழல் கிடைத்த நாள்.
ஊரே மெல்லிய அப்பம் சுட்டுக்கொண்டிருந்தது.

"நடுவில் குண்டு இல்லை," என்று எழுதியிருந்தார்.
"ஆகக் குறைந்தது நாற்பத்தைந்து வயது.
அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்."

ஸ்தெய்ன்வோர் சிரிக்கவில்லை.
அப்பத்தில் பாதியைப் பிய்த்து
என் பக்கம் நகர்த்தினாள்.

எங்கே விட்டேன்?
மறுபடி கண் வைத்தேன்.
நடுவில் வளையங்கள் தாராளம், யாரும் எண்ணலாம்.
ஓரத்தில்தான்
வெங்காயச் சருகு போல் ஒன்றோடொன்று ஒட்டி,
ஆழத்தில் அந்த மீன்
சும்மா இருந்த வருடங்கள்.
ஒன்றும் நடக்காததை
வருடமே இல்லை என்று நினைத்திருக்கிறேன்.

நூற்றறுபது கற்களை மறுபடி எண்ணினோம்.
எண்கள் தலைநகரில் ஒரு புள்ளியியல்காரியின் மேசைக்குப் போயின.
மெதுவாய் மூப்பதை
வேகமாய்ப் பிடிக்கக் கூடாது என்றது அவள் சமன்பாடு.
ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.
ஒரு மீனின் வயது
ஊரின் சம்பளத்தில் கை வைக்கும்.

ஓட்கேர் பனி ஒட்டிய பூட்ஸோடு படியேறி வந்தார்.
"மொச்சைக்கொட்டை அளவு கல்லுக்காக
என் வலையைச் சுருட்டச் சொல்கிறீர்களா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி,
வெகுநேரம் பார்த்தார்.
ஓரத்துக் கோடுகளைக் காட்டி, "இது எப்போது?"
"எண்பத்தாறு, எண்பத்தேழு."
"அந்தக் குளிர்காலம்
நானும் துறையில் கட்டித்தான் கிடந்தேன்.
இயந்திரம் போயிருந்தது."

சமாதானம் ஆகவில்லை.
தொப்பியை மாட்டிக்கொண்டு
படி இறங்குகையில் திரும்பினார்.

"ஆனால் அந்த மீன்,
என்ன ருசி தெரியுமா?"