இரைச்சல் நீக்கம்

லியெபாயா நகரில் டிராமுக்கு ஒரே தடம்.
தொலைந்துபோக வழியே இல்லை என்பாள் இங்குனா.
பதினோரு வருஷம் அதில் நடத்துநராக நின்றவள்
நாற்பத்து மூன்று வயதில்
கணினியும் மின்னூடகமும் முதுகலை வகுப்பில்
எங்களோடு வந்து உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தாள் என்பது தப்பு.
விரிவுரை முடியும்வரை சுவரோரம் நிற்பாள்;
நாற்காலிக்கும் அவள் இடுப்புக்கும் ஆகாது.

அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனால்
நிரல் மொத்தமும் படுத்துவிடும்.
"சீட்டில்லாமல் ஏறினவனைக்கூட
அடுத்த நிறுத்தம்வரை விட்டிருக்கிறேன்,
உனக்கு அந்த மனசு இல்லையே"
என்று திரையைத் திட்டிக்கொண்டே
அரைப்புள்ளியை வைப்பாள்.

ஆய்வேட்டுக்கு நாங்கள் நடனக்காரர்களைப் பதிவுசெய்தோம்.
ஒருவன் வாள் வீசினான்.
ஸைகா தன் பூனைக்கே உணரி கட்டிப் பார்த்து
முழங்கைவரை கீறல் வாங்கினாள்.
இங்குனா கேட்டது ஒன்றுதான்:
உடுப்பை வெளியே கொண்டுபோகலாமா?

பதினேழு உணரிகள் தைத்த கறுப்பு உடுப்பு.
ஜிப் பாதியில் நின்றுவிட்டது.
மேலே பழைய சீருடைக் கோட்டு.
பிப்ரவரி, காலை ஆறு நாற்பது.
மடிக்கணினியோடு நான் கடைசி இருக்கையில்,
கம்பி எதையும் பிடிக்காமல் அவள் நடுவில்.
பாதி ஊர் அவளிடம் சில்லறை நீட்டியது.
"இப்போது நான் மாணவி" என்றாள் ஒவ்வொருவரிடமும்.
ஒரு கிழவர் நம்பவில்லை;
காசை அவள் கோட்டுப் பையில் போட்டுவிட்டு இறங்கினார்.

கூடத்துக்குத் திரும்பி ஓட்டிப் பார்த்தோம்.
வெள்ளை வெளியில் ஒரு குச்சி மனுஷி.
காலடியில் தரையில்லை, டிராமில்லை,
நடுங்கிக்கொண்டு நின்றாள்,
மெல்ல இடப்பக்கம் நழுவிக்கொண்டும் இருந்தாள்.
இரும்புப் பெட்டிக்குள் உணரிக்குத் திசை குழம்பும்.

நான் கெட்டிக்காரன். உதவ நினைத்தேன்.
அன்றிரவு அவள் வீட்டுக்குப் போனதும்
நழுவலைத் திருத்தினேன். பாதங்களைப் பூட்டினேன்.
இரைச்சல் நீக்கம் என்றொரு பொத்தான்;
எண்பதுக்குத் தள்ளினேன்.
காற்றில்லாத குளம்போல நின்றது உருவம்.
கோப்பின் பெயர்: இறுதி, சுத்தமானது.

மறுநாள் கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி பார்த்தாள்.
மெல்லுவது நின்றது.
"டிராமை யார் நிறுத்தியது?"

நான் விளக்கினேன்: அதிர்வு, பிழை, சராசரி.
அவள் விளக்கினாள்:
இது பாலத்து இணைப்பு,
தண்டவாளம் ஒரு விரல் தாழ்ந்திருக்கும்,
கண்ணுக்கு முன்னால் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.
இது சந்தை வளைவு, குதிகால் உள்ளே திரும்பும்.
இது...
திரும்ப ஓட்டச் சொன்னாள்.
இது யாரோ தூக்கத்தில் என்மேல் சாய்ந்தது.

வடிகட்டியில் தங்கியதெல்லாம் அவள்தான்.
கோப்பையில் நான் பிடித்து வைத்திருந்தது
வெறும் வெந்நீர்.
மூலக்கோப்பு நல்லவேளை இருந்தது.
வட்டில் இடமில்லையென்று
அழிக்கப் போன விரலை
ஒரு தொலைபேசி அழைப்பு தடுத்ததை
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஜூனில் வாய்மொழித் தேர்வு.
இருட்டறைச் சுவரில் அவள் உயரத்துக்கு அந்த உருவம்,
இருபத்திரண்டு நிமிஷம், ஒலியில்லாமல்.
பேராசிரியர் இன்டுலிஸ் கேட்டார்:
"இந்த நடுக்கம், நிரலில் ஏதும் கோளாறா?"
கொஞ்சம் பொறுங்கள் என்று கைகாட்டினாள்.
ஒன்பதாம் நிமிஷம், சந்தை வளைவில்,
நாற்காலிகளில் இருந்த மூன்று தேர்வாளரும்
ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

பத்துக்கு ஏழு.
ஆவணப்படுத்தல் போதாதாம்.

வீட்டுக்கு டிராமில்தான். நல்ல கூட்டம்.
வளைவில் என் கால் தடுமாறியது.
திரும்பிப் பார்க்காமலே
காலரைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள்,
பேச்சு அறுபடவில்லை:
மறுமதிப்பீட்டுக்கு எவ்வளவு கட்டணம், கிர்ட்ஸ்,
விசாரித்தாயா?