மின்தடை, செந்தூல்

பிற்பகல் இரண்டே கால்.
ஜாலான் ஈப்போவில் எங்கோ ஒரு கேபிளை
மண்வாரி இயந்திரம் கடித்துவிட்டது.
நாற்பத்தொரு தொட்டிகளிலும்
ஒரே நேரத்தில் நின்றுபோனது குமிழிச் சத்தம்.

அப்படியொரு சத்தம் இருந்ததே
நின்ற பிறகுதான் கேட்டது.

மூன்று மணிக்குத் தண்ணீர் முப்பத்திரண்டு பாகை.
தங்கமீன்கள் மேலே வந்துவிட்டன,
வட்ட வாய்களால்
இல்லாத எதையோ உச்சரித்தபடி.
கப்பி வாங்க வந்த பையன் கேட்டான்:
"பசிக்குதா அங்கிள், அதுங்களுக்கு?"

பசியில்லை தம்பி. மூச்சு.
ஒட்டுக்கடைத் தேத்தண்ணீரில்
மூன்று கரண்டி சீனியை முகம் சுளிக்காமல்
வாங்கிக்கொள்ளும் அதே சூடு
உயிர்வளியை மட்டும் வாசலுக்குத் தள்ளுகிறது.
சீனிக்கு ஒரு நியாயம், காற்றுக்கு ஒரு நியாயம்.
படிவம் நான்கில் இந்தக் கேள்விக்கு
நான் வாங்கியது பத்துக்கு மூன்று.

விமலேஸ்வரி ஓடிப்போய்
நாசர் கடையில் ஐஸ் வாங்கி வந்தாள்,
பன்னிரண்டு வெள்ளிக்கு எட்டுப் பை.
பையோடுதான் மிதக்கவிட வேண்டும்;
பிரித்தால் குளோரின், அது வேறு கணக்கு.
குவளையில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினோம்,
தே தாரிக் ஆற்றுகிறவர்களைப் போல,
அவள் இடது வரிசை, நான் வலது.

டிஸ்கஸ் இரண்டும் மேலே வரவேயில்லை.
கௌரவம் பார்க்கிற மீன்.
ஜோடி நானூறு வெள்ளி.

நாலரைக்கு
வெயிலில் நின்ற தன் காரிலிருந்து
ஒரு சோடா டின்னை எடுத்து நீட்டினாள்.
திறந்தேன்.
பாதி என் சட்டையில்.
அழுத்திப் பிடித்திருந்தவரை
உள்ளேயே கரைந்து கிடந்திருக்கிறது,
ஆடாமல், அலுங்காமல்,
வெறும் இனிப்புத் தண்ணீர்போல.

அவள் சிரிக்கவில்லை.
"இந்த மாசத்தோட விலகிக்கிறேண்ணே.
ஜனவரியிலேயே சொல்லணும்னு இருந்தேன்."

இது செப்டம்பர்.

அப்படியானால் நான்தான் மூடியா
என்று கேட்க நினைத்தேன்.
பதினேழாம் தொட்டியில்
வாய்கள் இன்னும் மேலேயே இருந்தன.
குவளையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து பத்துக்கு மின்சாரம் வந்தது.
எல்லாத் தொட்டிகளும் ஒருசேரப் பேச,
மீன்கள் ஒவ்வொன்றாய்க் கீழிறங்கின.
டிஸ்கஸ் இரண்டையும் வலையில் எடுத்து
கணக்குப் புத்தகத்தில்
தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதினாள்:
நஷ்டம், 2.

ஏறக்குறைய காலியான டின்னைக்
காதருகே வைத்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம்
போய்க்கொண்டுதான் இருந்தது.