இரண்டு கமாவுக்கு நடுவே

சீசன் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.
மாங்கூழ் கம்பெனியில்
பெல்ட்டில் வரும் பெங்களூராவில்
அழுகலைப் பொறுக்கிக்கொண்டே
லகுமி கேட்டாள்:
"ஒரு கூடை மாங்காய். இஸ்ஸா, ஆரா?"

கூடைதான் எழுவாய். இஸ்.
மாங்காய்கள் வினையை ஒட்டி நின்று
நாங்கதான் நாங்கதான் என்று பல்லைக் காட்டும்.
ஏமாறக் கூடாது.

எங்கள் பேச்சில் இந்தத் தொல்லை இல்லை.
ஒரு காய் அழுகினாலும் அழுகிப்போச்சு,
ஒரு லோடு அழுகினாலும் அழுகிப்போச்சு.
யாரும் அரை மார்க் பிடிப்பதில்லை.
ஆனால்
சூபர்வைசர் ஒருத்தர்: "வந்தாங்க."
நாங்கள் நாற்பத்திரண்டு பேர்: "ஏய், இங்க வா."
ஒருமை பன்மைக்கும் தலை எண்ணுவதற்கும்
சம்பந்தமில்லை என்பது
புத்தகம் வாங்கும் முன்பே எங்களுக்குத் தெரியும்.

புத்தகம் ஒன்றுதான், ராயக்கோட்டை ரோட்டில்
பாதி விலைக்கு எடுத்தது.
முந்தைய ஆள் பென்சிலில் டிக் போட்டிருந்தான்,
பாதி தப்பு.
அவனுக்கு வேலை கிடைத்ததோ என்னவோ.
எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் பகலில் அது லகுமியிடம்.
பக்கமெல்லாம் மாம்பால் கறை.

பத்தாயிரம் ரூபாய் பெரிய தொகை: இஸ்.
எத்தனை ஆயிரமானாலும்
மொத்தமாக வந்தால் ஒருமையாம்.
எங்களுக்கு அது எப்போதும்
இருநூறும் முந்நூறுமாகப்
பன்மையில்தான் வந்தது.

அடுத்த பக்கம்:
மேனேஜர், தன் தொழிலாளர்களோடு சேர்ந்து, கூட்டத்துக்கு வருகிறார்.
இரண்டு கமாவுக்கு நடுவே
எத்தனை பேர் நின்றாலும்
வினைக்குக் கண் தெரியாது.
நடுவில் இருப்பதை விரலால் மூடிவிட்டு வாசி,
விடை தானே தெரியும் என்கிறது புத்தகம்.
லகுமி கட்டைவிரலால் மூடினாள்,
கையுறை கிழிந்து வெந்த விரல்.
"அடியில இருக்கிறது நாமதாண்டி" என்றாள்.

சனிக்கிழமை கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
நாளையிலிருந்து வர வேண்டாம்.
பர்கூர் காண்ட்ராக்டர் போனை அணைத்திருந்தார்.

ஞாயிறு, தர்மபுரிக்கு முதல் பஸ்.
காவேரிப்பட்டணம் வரை அவள் படித்தாள்,
காரிமங்கலம் தாண்டி நான்.
பைபாஸில் ஒரு காலேஜ்.
தோடு கழற்று, ரப்பர் பேண்டைக் கழற்று,
கையை விரி.
அவளுக்கு மாடி, எனக்குக் கீழே.

பதினேழாவது கேள்வி. பிழை எந்தப் பகுதியில்?
ஏ: காண்ட்ராக்டருக்கோ தொழிலாளர்களுக்கோ
பி: தெரிவிக்கப்படவில்லை
சி: ஆலை மூடப்படும் செய்தி
டி: பிழை இல்லை
நீதர், நார் போட்ட வாக்கியம்.
வாஸ் என்று கொடுத்திருந்தான்.

சூத்திரம் தெரியும்.
இருவரில் யார் வினைக்கு அருகில் நிற்கிறாரோ
அவர் தலையில் வினை.
அருகில் நிற்பது தொழிலாளர்கள்,
ஆக வேர்,
ஆக பிழை பி-யில்.
பன்னிரண்டு விநாடி வேலை.

ஆனால் காண்ட்ராக்டருக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமையே தெரியும்,
லாரிக்குச் சொன்னவரே அவர்தான்.
பிழை முதல் பகுதியிலேயே இருக்கிறது,
முதல் பெயரிலேயே.
மவுஸை ஏ மேல் கொண்டுபோய்
வைத்துக்கொண்டிருந்தேன்.
மேலே விநாடிகள் இறங்கின.
தப்பென்றால் அரை மார்க் போகும்.
எனக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி.
பி-யை அழுத்தினேன்.

வெளியே லகுமி
ஒரு காதில் தோட்டை மாட்டிவிட்டு
இன்னொன்றின் திருகாணியை
மண்ணில் தேடிக்கொண்டிருந்தாள்.
நானும் உட்கார்ந்து தேடினேன்.
அந்தக் கேள்வி அவளுக்கு
நாற்பத்தொன்றாவதாக வந்ததாம்.
"ஏ போட்டேன்" என்றாள்.

"பி-டி அது."

"தெரியும்."

திருகாணி கிடைக்கவில்லை.
பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை என்றார்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
ஒன்று என்றோம்.