நாய் உட்கார்ந்த இடம்

வெண்டெலை ஒன்பதே நாளில் நம்பிவிட்டார்கள்.
நூறு டாலர், ஒரு நேர்காணல்,
"எப்போதாவது கைதானதுண்டா?" என்றதற்குச்
சிரித்துக்கொண்டே ஓர் "இல்லை."

அவர் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுமுன்
நான் உட்கார்ந்து அனுப்பிய விண்ணப்பம்
"பரிசீலனையில்" இருந்தது.
இலை உதிர்ந்தது, பனி விழுந்தது, மறுபடி துளிர்த்தது.
பரிசீலனை மட்டும் நிறம் மாறவில்லை.

நான் பிறந்தது டியர்பார்னில்.
நஜ்லா என்ற பெயர்தான் பெய்ரூட்டிலிருந்து வந்தது,
நான் பிறக்குமுன்பே, அப்பாவின் பெட்டியில்.

டெட்ராய்ட்டில் இறங்கியதும் நடைபாதை இரண்டாகப் பிரியும்.
அவருக்கு ஒரு கேமரா, ஒரு பச்சை விளக்கு, நான்கு நிமிடம்.
எனக்குக் கயிறு, கயிறு, கயிறு.
"பெட்டிகளை எடுத்து வைக்கிறேன்" என்பார்,
எனக்கு உபகாரம் செய்யவே முன்னால் போகிறவர்போல.
பெட்டிகள் வர நாற்பது நிமிடம் ஆகும்.
இருவருக்கும் தெரியும்.
நம்பப்பட்ட மனிதர்
நகராத பட்டைக்கு முன்னால் நிற்பார்,
லிஃப்ட் சோதிக்கிறவரின் தொழில்முறைப் பொறுமையோடு.

ஆப்பிளை வைத்தது நான்.
பிராங்க்ஃபர்ட்டில் ஏறியதும் சாப்பிடாமலே தூங்கிவிட்டார்.
தட்டில் வந்த பழத்தைக் காகிதத் துண்டில் சுற்றி
அவர் தோள்பையில் வைத்தேன், பசித்தால் ஆகுமென்று.
சொல்ல மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான்
இன்றுவரை சொல்லிவருகிறேன்.

நீல அங்கி போட்ட பீகிள் நாய்.
குரைக்கவில்லை, முறைக்கவில்லை.
பையை ஒரு தடவை முகர்ந்து
உட்கார்ந்தது.
ஒரு நாய் உட்கார
ஓர் அரசாங்கம் எழுந்தது.

முந்நூறு டாலர் அபராதம்.
ஆறு வாரம் கழித்துக் கடிதம்:
இத்திட்டத்துக்கு நீங்கள் இனித் தகுதியானவர் அல்லர்.
அதைக் குளிர்பெட்டிக் கதவில்
பீட்சாக் கடைக் காந்தத்தால் ஒட்டிவைத்தார்.
"பழத்தால் வெளியேற்றப்பட்ட முதல் ஜோடி நாம் இல்லை."
"வெளியேற்றவில்லையே," என்றேன்,
"உள்ளேதானே விட்டார்கள்."

அடுத்த வசந்தத்தில் ஒரே வரிசையில் நின்றோம்.
எந்த வளைவில் கயிறு தளர்ந்திருக்கும்,
எந்த அதிகாரி ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால்
கண்ணாடியைத் துடைப்பார்,
முழங்கால் வலிக்கு எந்தத் தூண் நல்லது,
எல்லாம் காட்டினேன், சொந்த வீட்டைக் காட்டுகிறவள்போல.
முன்னால் நின்ற பெண்ணின் தோளிலிருந்த குழந்தை
என் காதணியைப் பிடித்துக்கொண்டது.
இரண்டு வளைவுவரை விடவில்லை.
"ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நேரமா?" என்றார் வெண்டெல்.
கல்யாணமாகிப் பதினேழு வருடம்.
அந்தக் கேள்விக்கு வயது
ஒரு மணி பத்து நிமிடம்.

ஜூனில் என் விண்ணப்பம் கண்விழித்தது.
நாள் முழுக்க அடுத்தவர் பற்களுக்கு அச்செடுப்பவள் நான்.
அன்று என் பத்து விரல்களை அச்செடுத்தார்கள்.
ரேகை பார்ப்பவர்கள் வரப்போவதைச் சொல்வார்கள்.
இவர் நடந்து முடிந்ததை மட்டும் பார்த்துவிட்டு
"வாழ்த்துகள்" என்றார்.
வீட்டில் யாராவது ஆப்பிள் கொண்டுவந்ததுண்டா என்று
கேட்கவில்லை.

நேற்று இறங்கினோம். நடைபாதை பிரிந்தது.
"போ," என்றார், "பெட்டிகளை எடுத்து வை."
கேமரா பார்த்தது. பச்சை.
நான்குகூட இல்லை, மூன்றரை நிமிடம்.

பட்டை சுழலவில்லை.
அங்கே இவ்வளவு குளிரும் என்று
அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.
அதே நாய் வந்தது. என் காலணியை முகர்ந்தது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.
நகர்ந்துபோயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வளைவில்,
நான் காட்டிய தூணில் சாய்ந்து
முன்பின் தெரியாத ஒருவரிடம்
எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் வெண்டெல்.
கையை ஆட்டினேன்.
பார்க்கவில்லை.